பட்டறையைப் பாடசாலையாக்கிய தோமஸ் பாட்டா

இறப்பர்ச் செருப்பையே பாட்டா என்று அழைக்கும் வழக்கம் எமது வீடுகளில் நெடுங்காலமாக உண்டு. அது ஒரு மனிதரின் பெயர் என்பதை அறிந்தோர் குறைவு. அதனை இந்திய நிறுவனமொன்றின் பெயரெனக் கருதுவோரும் பலர். உண்மையில் அது, இன்றைய செக் குடியரசின் மொராவியாப் பிரதேசத்திலுள்ள ஸ்லின் என்னும் சிறு நகரில், தலைமுறை தலைமுறையாகச் சப்பாத்துத் தைத்து வாழ்ந்த ஒரு குடும்பத்தின் பெயராகும். அக்குடும்பத்தில் பிறந்த தோமஸ் பாட்டா, உலகெங்கும் பாதணி விற்ற செல்வந்தராகவே பெரிதும் நினைவுகூரப்படுகின்றார். ஆயினும், தொழில் பழகவரும் சிறுவனை எவ்வாறு உருவாக்குவது என்பதில் அவர் மேற்கொண்ட முயற்சியே இன்று எமது சிந்தனைக்கு அதிகம் உரியது.

1876 ஏப்ரல் 3ஆம் திகதி தோமஸ் பிறந்தபோது ஸ்லின் நகரம் ஒஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின் கீழ் இருந்தது. சிறு வயதிலேயே தாயை இழந்த அவருக்குத் தந்தையின் பட்டறையே முதற் பாடசாலையாயிற்று. அக்கால ஐரோப்பாவில் தொழில் பழகும் சிறுவர்களின் நிலை பெரும்பாலும் பரிதாபகரமானதாகும். எசமானின் வீட்டிலேயே தங்கி, ஏவிய வேலைகளையெல்லாம் செய்து, அடி உதைகளையும் சகித்துக்கொண்டே அவர்கள் தொழிலைக் கற்க வேண்டியிருந்தது. கற்கும் காலத்துக்குக் கூலி கிடைப்பதும் அரிது.

1894இல் தமது பதினெட்டாவது வயதில், மூத்த சகோதரர் அன்ரனின், சகோதரி அன்னா ஆகியோருடன் இணைந்து, தாய்வழிக் கிடைத்த சிறு முதலைக்கொண்டு தோமஸ் சொந்தத் தொழிலை ஆரம்பித்தார். அடுத்த ஆண்டிலேயே கடன் கழுத்தை நெரித்தது. தோல் வாங்கப் பணமில்லாத நிலையில், தடித்த துணியினால் சப்பாத்துத் தைக்கத் துணிந்தார். விலை குறைந்த அந்தத் துணிச் சப்பாத்தே குடும்பத்தைக் கடனிலிருந்து மீட்டது.

1904ஆம் ஆண்டு அவரது வாழ்வில் ஒரு திருப்புமுனை எனலாம். தொழிற்சாலை உரிமையாளராக விளங்கிய அவர், தமது ஊழியர்கள் மூவருடன் அமெரிக்காவின் பாதணிக் கைத்தொழில் நகரமான லின்னுக்குச் சென்று, அங்கு சாதாரணத் தொழிலாளியாக வேலைக்கமர்ந்தார். சப்பாத்தின் மேற்பகுதியை அச்சுக்கட்டையின் மீது இழுத்துப் பொருத்தும் இயந்திரத்தை, சுரினாமில் பிறந்த கறுப்பினத் தொழிலாளியான யான் மற்செலிகர் உருவாக்கி 1883இல் காப்புரிமை பெற்றதும் அந்நகரிலேதான். ஒருவரே முழுச் சப்பாத்தையும் தைக்கும் முறை மறைந்து, வேலை பல கூறுகளாகப் பிரிந்து நடப்பதைத் தோமஸ் அங்கே கண்கூடாகக் கண்டார். சுமார் ஆறு மாதங்களின் பின் நாடு திரும்பி அம்முறையை ஸ்லின்னில் புகுத்தினார். முதலாம் உலகப் போர்க்காலத்தில் இராணுவத்துக்கான சப்பாத்துத் தயாரிப்பு அவரது தொழிற்சாலையைப் பன்மடங்கு பெருக்கியது. போரின் பின் நெருக்கடி சூழ்ந்த 1922இல், ஏனைய உற்பத்தியாளர்கள் திகைத்து நிற்கையில், பாதணிகளின் விலையைப் பாதியாகக் குறைத்தார். மறுவருடம் நகர முதல்வராகவும் தெரிவானார்.

பாட்டா தொழிற் பாடசாலை 1925இல் ஆரம்பிக்கப்பட்டது. பதினான்கு வயதளவில் வந்து சேர்ந்த பையன்கள், பெரும்பாலும் வறிய குடும்பங்களைச் சேர்ந்தோர், விடுதிகளில் தங்கவைக்கப்பட்டனர். பகலில் தொழிற்சாலையில் எட்டு மணிநேர வேலை. மாலையில் வகுப்புகள். தொழில்நுட்பத்துடன் கணக்கியலும் அந்நிய மொழிகளும் போதிக்கப்பட்டன. பழைய வழக்கத்துக்கு நேர்மாறாக, பயிலுநர்களுக்கு வாராந்தம் வேதனம் வழங்கப்பட்டது. உணவு, உடை, தங்குமிடம் ஆகியவற்றுக்கான செலவை அவர்கள் தமது உழைப்பிலிருந்தே செலுத்த வேண்டும். எஞ்சியதைச் சேமித்து, வரவு செலவைக் கணக்கேட்டில் பதியவும் வேண்டும். ஏழைச் சிறுவன் ஒருவன் பெற்றோருக்குச் சுமையாகாமலே கல்வியும் தொழிலும் பெற இது வழிசமைத்தது. இவ்வாறு பயின்ற பலர் பிற்காலத்தில் வெளிநாடுகளிலிருந்த கிளைகளையும் தொழிற்சாலைகளையும் நிர்வகித்தனர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்ற எமில் சட்டோபெக்கும் பதின்ம வயதில் ஸ்லின்னுக்கு வந்த ஒரு பயிலுநரே.

எனினும், இம்முறையின் மறுபக்கத்தையும் மறைத்தல் நியாயமாகாது. துயில் எழுவது முதல் உறங்கச் செல்வது வரை சிறுவர்களின் பொழுது நிறுவனத்தின் கட்டுப்பாட்டிலேயே கழிந்தது. தொழிற்சங்கங்களைத் தோமஸ் விரும்பவில்லை. விலையைப் பாதியாக்கிய அதே 1922இல் தொழிலாளரின் கூலியையும் பெருமளவு வெட்டினார். உணவுப் பொருட்களைக் குறைந்த விலைக்கு வழங்கி அதனை ஈடுசெய்ய முனைந்தார். வீடு, கடை, வைத்தியசாலை, பாடசாலை யாவும் ஒருவரது கையிலேயே இருக்கும் ஊரில், அவரை எதிர்த்து நிற்பது எவருக்கும் எளிதன்று.

1932 ஜூலை 12ஆம் திகதி அதிகாலை, மூடுபனியையும் பொருட்படுத்தாது சுவிற்சர்லாந்து நோக்கிப் புறப்பட்ட அவரது விமானம், ஒற்றொகோவிற்சே விமானத் தளத்தருகே வீழ்ந்து நொறுங்கியது. தோமசும் விமானியும் உயிரிழந்தனர். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தாறு. கொல்கத்தாவுக்கு அருகே பாட்டாநகர் 1934இல் உருவானதை அவர் காணவில்லை. இரண்டாம் உலகப் போரின் பின், 1945இல், தாய்நாட்டிலிருந்த தொழிற்சாலைகள் அரசுடைமையாகின. இளவயதில் தந்தையின் தொழிற்சாலையிலேயே வேலை பழகிய மகன், கனடாவைத் தளமாகக்கொண்டு நிறுவனத்தை மீளக் கட்டியெழுப்பினார்.

தோல் தொழிலைத் தாழ்வாக நோக்கிய சமூகம் எம்முடையது. பரீட்சையில் தவறிய பிள்ளைக்கு எஞ்சியிருக்கும் கடைசி வழியாகவே தொழிற்பயிற்சியை இன்றும் பலர் எண்ணுகின்றனர். தோமஸ் பாட்டாவின் கெடுபிடிகளை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. ஆனால், கற்கும் காலத்திலேயே கௌரவமான வேதனமும், கைவேலையோடு மொழியும் கணக்கும் சேர்ந்த கல்வியும், அடிமட்டத்திலிருந்து மேலே செல்ல ஒரு படிக்கட்டும் பயிலுநருக்கு வேண்டும் என்பதைச் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலேயே ஒரு சப்பாத்துத் தொழிலாளியின் மகன் செய்துகாட்டினார். இம்மூன்றும் எமது பிள்ளைகளுக்கு எந்தளவுக்குக் கிடைக்கின்றன என்பதைப் பெற்றோரும் கல்வி அதிகாரிகளும் தொழில் வழங்குநர்களும் சிந்திக்க வேண்டும்.