ஒரு பெரிய சிலையும் ஏழு சிறிய சிலைகளும்

ஒஸ்கார் விருதுகளை மிக அதிகமாகப் பெற்றவர் நடிகர் அல்லர். கார்ட்டூன் படங்களைத் தயாரித்த வோல்ட் டிஸ்னி ஆவார். போட்டிப் பிரிவுகளில் 22, சிறப்பு விருதுகளாக 4 என மொத்தம் 26 விருதுகள் அவரது பெயரில் பதிவாகியுள்ளன. ஆயினும் அவர் தயாரித்த முழுநீளச் சித்திரத் திரைப்படம் எதுவும் சிறந்த திரைப்படத்துக்கான போட்டியில் ஒருமுறையேனும் சேர்க்கப்படவில்லை.

1901 டிசம்பர் 5ஆம் திகதி சிக்காகோவில் பிறந்த டிஸ்னி, கன்சாஸ் நகரில் விடியுமுன் எழுந்து வீடு வீடாகப் பத்திரிகை விநியோகித்து வளர்ந்தவர். அங்கு ஆரம்பித்த சித்திரப்பட நிறுவனம் 1923இல் வங்குரோத்தாகவே, ஹொலிவூட்டுக்குச் சென்று சகோதரர் ரோயுடன் புதிதாகத் தொழில் தொடங்கினார். 1928இல் அடுத்த அடி விழுந்தது. அவர் உருவாக்கிய ஒஸ்வால்ட் என்ற முயலின் உரிமை தம்மிடம் இல்லை என்பதை அப்போதுதான் அவர் உணர்ந்தார். அவரது ஓவியர்களுட் பலரையும் விநியோகஸ்தர் தம்பக்கம் இழுத்துக்கொண்டார். அந்த இழப்பிலிருந்து பிறந்ததே மிக்கி மவுஸ். அதற்குக் குரல் கொடுத்தவர் டிஸ்னி. உருவம் கொடுத்தவரோ அவரது நண்பர் அப் ஐவேர்க்ஸ். இந்த வேறுபாட்டை உலகம் பெரும்பாலும் மறந்துவிட்டது.

கார்ட்டூன் குறும்படங்களுக்கென 1932இல் ஒஸ்கார் விருது ஏற்படுத்தப்பட்டபோது, முழு வண்ணத்தில் வெளிவந்த 'மலர்களும் மரங்களும்' அதனைப் பெற்றது. தொடர்ந்து எட்டு முறை அவ்விருது டிஸ்னியைவிட்டு வேறெவரிடமும் செல்லவில்லை.

1937 டிசம்பரில் 'ஸ்னோ வைட்' திரையிடப்பட்டது. ஒன்றேகால் மணித்தியாலத்துக்கு மேல் கார்ட்டூன் பார்க்க யார் வருவார்கள் என ஹொலிவூட் நகைத்திருந்தது. சுமார் 15 இலட்சம் டொலர் செலவான அப்படமோ வசூலில் பெரும் சாதனை படைத்தது. ஆனால், ஒஸ்கார் போட்டியில் அது இடம்பெற்றது இசைப் பிரிவில் மட்டுமே. 1939இல் நடைபெற்ற விழாவில் அதற்கெனச் சிறப்பு விருது ஒன்று வழங்கப்பட்டது. ஒரு பெரிய சிலை, குள்ளர்களை நினைவூட்டும் ஏழு சிறிய சிலைகள். கையளித்தவர் பத்து வயதுக் குழந்தை நட்சத்திரம் ஷேர்லி டெம்பிள். அழகான மரியாதைதான். எனினும், பெரியவர்களின் படங்களோடு ஒன்றாக வைத்து மதிப்பிட வேண்டிய ஒரு படைப்பைச் சிறுவர் பகுதியில் அமர்த்திவிட்ட மரியாதையும் அதுவே.

தம் படங்களுக்கு உரிய இடம் கிடைக்காத அந்த மனிதர், தம் ஊழியர்களுக்கு உரிய இடத்தை வழங்கினாரா என்ற கேள்வியும் உண்டு. குறும்படங்களில் வரைந்தவர்களின் பெயர்கள் காட்டப்படவில்லை. திரையில் தெரிந்தது அவரது பெயரே. சம்பள ஏற்றத்தாழ்வும் கடுமையாக இருந்தது. 1941இல் தொழிற்சங்கத்தில் முன்னின்ற ஆர்ட் பாபிட் என்ற தலைசிறந்த ஓவியர் பணிநீக்கப்பட்டதும் நூற்றுக்கணக்கானோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அரசாங்க மத்தியஸ்தத்தின் பின் தொழிற்சங்கம் அங்கீகாரம் பெற்றது. டிஸ்னி அதனை மன்னிக்கவேயில்லை. 1947இல் அமெரிக்கக் காங்கிரஸின் விசாரணைக் குழு முன் தோன்றி, வேலைநிறுத்தத்தின் பின்னணியில் கம்யூனிஸ்டுகள் இருந்ததாகச் சாட்சியமளித்ததுடன் சிலரைப் பெயர் குறிப்பிட்டும் குற்றஞ்சாட்டினார். தம் முயலைப் பறிகொடுத்த வேதனையை அறிந்தவரிடமிருந்து இதனை எவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

1954இல் ஒரே இரவில் நான்கு ஒஸ்கார் விருதுகளை அவர் பெற்றார். அவற்றுள் கார்ட்டூனுக்குக் கிடைத்தது ஒன்றே. சிறந்த திரைப்படப் பிரிவில் 1965இல் அவரது 'மேரி பொப்பின்ஸ்' பரிந்துரைக்கப்பட்டது. அதுவும் பெரும்பாலும் நடிகர்கள் தோன்றிய படமாகும். 1966 டிசம்பர் 15ஆம் திகதி, தமது 65ஆவது வயதில், நுரையீரல் புற்றுநோயால் டிஸ்னி காலமானார்.

அவர் நிறுவனத்தின் 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' 1992இல் சிறந்த திரைப்படத்துக்கான போட்டியில் நுழைந்த முதலாவது சித்திரத் திரைப்படமாயிற்று, விருது கிடைக்கவில்லை. முழுநீளச் சித்திரப்படங்களுக்கான தனி ஒஸ்கார் 2002இல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது, அதனைத் தட்டிச் சென்றது டிஸ்னியிலிருந்து விலகியவர் ஒருவர் கூட்டாக நிறுவிய ட்ரீம்வேர்க்ஸின் 'ஷ்ரெக்'.