இரு பெயர் கொண்ட பெருமாட்டி

உலகப் புகழ் பெற்ற பெண்மணிகள் யார் என்று கேட்டால் ஜோன் ஆஃப் ஆர்க் என்போம். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் என்போம். மேரி கியூரி அம்மையார் என்போம். இவர்களோடு வைத்து எண்ணத்தக்க இன்னொரு பெருமாட்டி கிராசியா நாசி. பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் பெருஞ்செல்வர்களுள் ஒருவர். பேரரசருக்கே கடன் கொடுத்த வணிகக் குடும்பத்தின் தலைவி. யூத மக்கள் இன்றும் போற்றும் பெயர். வரலாற்று மாணவன் என்ற முறையில் அவர் வாழ்க்கையைப் படித்தபோது அவருடைய செல்வத்தைவிட வேறொன்றுதான் என்னைச் சிந்திக்க வைத்தது. வாழ்நாளில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அவர் தாம் யார் என்பதை ஊருக்கு மறைத்து வாழ்ந்தார். அப்படியானால் அவரை வாய்மை தவறியவர் என்று சொல்லலாமா? இக்கேள்விக்கு விடை தேடியே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பிறக்குமுன் தொடங்கிய கதை

1492-ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டு யூதர்கள் மதம் மாற வேண்டும், இல்லையேல் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று அந்நாட்டு அரசரும் அரசியும் ஆணையிட்டனர். கொலம்பஸ் மேற்கு நோக்கிக் கப்பல் ஏறியதும் அதே ஆண்டில்தான். வெளியேறியவர்களில் பல்லாயிரவர் அண்டை நாடான போர்த்துக்கலில் அடைக்கலம் புகுந்தனர். ஐந்தே ஆண்டுகளில், 1497-இல், அங்கும் இடி விழுந்தது. வணிகமும் மருத்துவமும் அறிந்த அம்மக்களை இழக்க மன்னர் மானுவேலுக்கு மனமில்லை. யூதராக வைத்திருக்கவும் விருப்பமில்லை. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பறித்து ஞானஸ்நானம் கொடுத்தார்கள். பெற்றோரையும் வலுக்கட்டாயமாக மதம் மாற்றினார்கள். இவ்வாறு மாறியவர்களுக்குப் புதுக் கிறிஸ்தவர் என்று பெயர். மாறியும் அவர்களுக்கு நிம்மதி கிட்டியதா? 1506-இல் லிஸ்பன் நகரில் மூண்ட கலவரத்தில் சுமார் 2,000 பேர் கொல்லப்பட்டதாக மதிப்பிடுகிறார்கள்.

அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1510-இல், இத்தகைய குடும்பம் ஒன்றில் நம் கதைத் தலைவி பிறந்தார். ஊரறிந்த பெயர் பியாட்ரிஸ் டி லூனா. உற்றார் மட்டுமே அறிந்த பெயர் கிராசியா. ஹன்னா என்னும் எபிரேயப் பெயரின் பொருளைச் சுமந்த சொல் அது. தமிழில் அருள் எனலாம்.

மறைந்து வாழ்வது அவ்வளவு எளிதன்று. வெள்ளிக்கிழமையே மறுநாள் உணவைச் சமைத்து வைப்பது, சனிக்கிழமை வெளுத்த துணி உடுத்துவது, பன்றி இறைச்சியை ஒதுக்குவது ஆகியவையே சமய விசாரணை மன்றத்தின் முன் குற்றத்துக்குச் சான்றுகள். வீட்டு வேலைக்காரியின் வாய்ச்சொல் போதும், குடும்பமே சிறைக்குப் போகும். பிள்ளைகளுக்கு விவரம் தெரியும் வயது வரும்வரை அவர்களிடம்கூட உண்மையைச் சொல்லாத குடும்பங்கள் பல. மழலை ஒரு சொல் உளறினால் வீடே தீக்கு இரையாகும் என்ற அச்சம்! பெற்ற தாய் தன் குழந்தையிடம் தான் யார் என்று சொல்ல முடியாத நிலையை எண்ணிப் பாருங்கள்.

மிளகு தந்த செல்வம்

1528-இல் பிரான்சிஸ்கோ மென்டெஸ் என்ற வணிகருக்கு அவர் மனைவியானார். அவரும் புதுக் கிறிஸ்தவரே. வாஸ்கோ ட காமா 1498-இல் கோழிக்கோடு வந்து சென்றபின் மலையாளக் கரையின் மிளகு லிஸ்பன் துறையில் மலைபோல் குவிந்தது. அந்த மிளகு வாணிபத்தில் மென்டெஸ் குடும்பம் கொடி கட்டிப் பறந்தது. அண்ணன் பிரான்சிஸ்கோ லிஸ்பனில்; தம்பி டியோகோ ஆன்ட்வெர்ப் நகரில்.

இங்கே ஒரு முரண்பாட்டை நான் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். மிளகு விளைந்த கரையிலுள்ள கொச்சியில் யூதர்கள் மன்னரின் ஆதரவோடு வெளிப்படையாக வாழ்ந்தார்கள். 1568-இல் அரண்மனைக்கு அருகிலேயே ஜெப ஆலயம் எழுப்பினார்கள். அந்த மிளகை வாங்கி விற்ற யூதரோ தம் வீட்டுக் கதவைத் தாழிட்டுக்கொண்டு இறைவனை நினைக்க வேண்டியிருந்தது.

1535-இல் பிரான்சிஸ்கோ இறந்தார். அம்மையாருக்கு வயது 25. கையில் அனா என்ற பெண் குழந்தை. மறு ஆண்டே போர்த்துக்கலில் சமய விசாரணை மன்றம் அமைக்கப்பட்டது. அவர் குழந்தையையும் தங்கை பிரியான்டாவையும் அழைத்துக்கொண்டு இங்கிலாந்து வழியாக ஆன்ட்வெர்ப் சேர்ந்தார். தங்கை டியோகோவை மணந்தார். 1543-இல் டியோகோவும் மறைந்தபோது, குடும்ப வாணிபத்தின் பொறுப்பைத் தம் மனைவியிடம் விடாமல் அண்ணியிடம் ஒப்படைத்துச் சென்றிருந்தார். அம்மையாரின் அறிவாற்றலுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆனால் இதுவே பின்னாளில் சகோதரிகளிடையே தீராப் பகையை மூட்டியது.

இந்த வாணிபத்துக்குள் இன்னொரு பணியும் நடந்து வந்தது. போர்த்துக்கலிலிருந்து தப்பி வரும் மக்கள் மிளகுக் கப்பல்களில் ஆன்ட்வெர்ப் வந்தனர். எந்த வழியில் செல்வது, எந்த விடுதியில் தங்குவது, யாரை நம்புவது என்று குடும்பத்தின் முகவர்கள் அவர்களுக்கு வழி காட்டினார்கள். ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இத்தாலி, அங்கிருந்து துருக்கி என்று அந்தப் பாதை நீண்டது.

ஓட்டமும் துரோகமும்

ஆன்ட்வெர்ப்பிலும் ஓர் ஆபத்து வந்தது. சிறுமி அனாவை வயது முதிர்ந்த பிரபு ஒருவருக்கு மணமுடிக்க அரசவை வற்புறுத்தியது. மறுத்தால் சந்தேகம், இசைந்தால் மகளையும் செல்வத்தையும் இழக்க வேண்டும். உடல்நலத்துக்காக ஆகன் நகர் வெந்நீர் ஊற்றுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, அம்மையார் குடும்பத்தோடு வெனிஸ் நகருக்குப் போய்விட்டார்.

வெனிசில் அவரைக் காட்டிக்கொடுத்தது யார் தெரியுமா? உடன்பிறந்த தங்கை! சொத்து வழக்கில் வெல்வதற்காக, தமக்கை இரகசியமாக யூத நெறியைப் பின்பற்றுகிறார் என்று தங்கையே அதிகாரிகளிடம் சொன்னார். துருக்கி சுல்தானின் அரசு தலையிட்டதாலேயே அம்மையாரின் செல்வம் தப்பியது. ஆயுள் முழுதும் எதிரியிடம் மறைத்த உண்மை, வீட்டுக்குள்ளிருந்தே ஆயுதமாகத் திரும்பியது.

அடுத்து அவர் அடைக்கலம் புகுந்த பெராரா நாட்டில் யூதர்கள் வெளிப்படையாக வாழலாம். அங்கேதான் கிராசியா நாசி என்ற பெயர் வெளிச்சத்துக்கு வந்தது. அவ்வூரில் 1553-இல் ஸ்பானிய மொழியில் அச்சான விவிலியம் புகழ் பெற்றது. அதன் படிகள் இருவகை. ஒருவகை பெராரா கோமகனுக்குக் காணிக்கை; மற்றொன்று கிராசியா நாசிக்குக் காணிக்கை. முதல்வகையில் பதிப்பாளர்களின் கிறிஸ்தவப் பெயர்கள். இரண்டாவதில் அவர்களுடைய யூதப் பெயர்கள்! நூலுக்கும் இரு முகம் வேண்டியிருந்த காலம் அது.

தோல்வியிலும் ஒரு வெற்றி

1553-இல் அம்மையார் சுல்தான் சுலைமானின் தலைநகரான இஸ்தான்புல்லை அடைந்தார். அங்கே அனா, ரெய்னா என்ற யூதப் பெயரோடு தன் உறவினர் ஜோசப் நாசியை மணந்தார். அம்மையார் ஏழைகளுக்கு உணவளித்தார். ஜெப ஆலயங்களை ஆதரித்தார். கணவரின் உடலை எருசலேமுக்குக் கொண்டு சென்று அடக்கம் செய்ய ஏற்பாடு செய்தார்.

அவர் நிம்மதியாக ஓய்ந்திருக்கலாம். ஆனால் ஓயவில்லை. போப்பாண்டவரின் ஆட்சிக்குட்பட்ட அன்கோனா துறைமுகத்தில், முந்தைய போப்பாண்டவர்களின் உறுதிமொழியை நம்பிக் குடியேறிய போர்த்துக்கீசிய யூதர் பலர் இருந்தனர். 1555-இல் பதவியேற்ற நான்காம் பவுல் அந்த உறுதியைக் கைவிட்டார். 1556-இல் இருபதுக்கும் மேற்பட்டோர் தீக்கிரையாயினர். அம்மையாரின் வேண்டுகோளால் சுல்தானே போப்பாண்டவருக்குக் கடிதம் எழுதினார். துருக்கியக் குடிகளே அதனால் விடுதலை பெற்றனர். பின்னர் அம்மையார், இனி எந்த யூத வணிகரும் அன்கோனாவுக்குச் சரக்கு அனுப்பக்கூடாது, பெசாரோ துறைக்கே அனுப்ப வேண்டும் என்று ஒரு பொருளாதாரப் புறக்கணிப்பைத் தொடங்கினார்.

அது தோல்வியடைந்தது. காரணம் சிந்திக்கத்தக்கது. அன்கோனாவில் வெளிப்படையாக வாழ்ந்த பழைய யூதக் குடிகள், தங்கள் மீதும் போப்பாண்டவரின் சினம் பாயும் என்று அஞ்சினர். யூத மத குருமார்களுக்குள்ளும் கருத்து வேறுபாடு எழுந்தது. மறைந்து வாழ்ந்தவர்களுக்காக வெளிப்பட வாழ்பவர்கள் எவ்வளவு இடர் ஏற்பது என்ற கேள்வி அன்று எழுந்தது. அஞ்சியவர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் அம்மையார் எந்தப் பக்கம் நின்றார் என்பதை மறக்கவும் முடியவில்லை.

1560 வாக்கில், பாழடைந்து கிடந்த திபேரியா நகரைச் சுல்தானிடம் குத்தகைக்குப் பெற்று, அகதிகள் குடியேற வழி செய்தார். 1569-இல் மறைந்தார். அவருடையது என்று நெடுங்காலம் கருதப்பட்ட பதக்க உருவம் அதே பெயர் கொண்ட தங்கை மகளுடையதாம். முகத்தைக்கூட விட்டுச் செல்லவில்லை அம்மையார்!

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். உண்மையைச் சொன்னவனை நெருப்பிலிடும் அரசு, மக்களிடம் வாய்மையை எதிர்பார்க்கும் தகுதியை இழந்துவிடுகிறது. அம்மையார் பெயரை மறைத்தார். தம் மக்களை மறக்கவில்லை. பொய்ப் பெயரில் சேர்ந்த பொருளை, மெய்ப்பெயரைச் சொல்ல முடியாதவர்களின் விடுதலைக்கே செலவிட்டார். எனவே பழி அவருடையதன்று. அவரை மறைய வைத்தவர்களுடையதே.

ஞானஸ்நானத்தில் அனா என்று பெயர் பெற்ற அந்த மகள் ரெய்னா, கணவரை இழந்தபின் 1590-களில் இஸ்தான்புல்லில் எபிரேய அச்சகம் ஒன்றை நடத்தினார். தாய் மூடி வைத்திருந்த எழுத்துகளை மகள் அச்சேற்றி ஊரறியச் செய்தார்.