அரசமரத்துக்கு வாய் கொடுத்தவர்

சண்டிலிப்பாயில் மழை விடாது பெய்த ஒரு மாலைப் பொழுதில், பழைய மாணவரொருவர் இரவலாகத் தந்த பிரேசில் நாட்டு நாவலை ஆங்கில மொழிபெயர்ப்பில் வாசிக்கத் தொடங்கினேன். மச்சாடோ டி அசிஸ் இயற்றிய அந்நாவல் 1881இல் நூலுருப் பெற்றது. அதிலே கதை சொல்லும் பிராஸ் கூபாஸ் இறந்துபட்டவன். இனி எவருக்கும் அஞ்சவேண்டாதவன் ஆகையால், தன் வாழ்வின் சிறுமைகளை ஒளிவுமறைவின்றி எள்ளி உரைக்கின்றான்.

வாசித்து முடித்ததும் வ. வே. சு. ஐயர் நினைவுக்கு வந்தார். அதே 1881இல் திருச்சிராப்பள்ளி வரகனேரியிற் பிறந்தவர் அவர். சட்டம் பயில இலண்டன் சென்று, சாவர்க்கரோடு கூடிப் புரட்சியாளராகி, 1910இல் மாறுவேடத்தில் தப்பிப் புதுச்சேரி சேர்ந்தார். அங்கிருந்த காலத்திலேதான், 1915இல், ‘குளத்தங்கரை அரசமரம்’ வெளிவந்தது. கதை சொல்வது மரம். மரமாவது பேசுவதாவது என்று பண்டித வகுப்பிலே நகைத்தவர்களுள் யானும் ஒருவன். (தாகூர் 1884இலேயே படித்துறையைப் பேசவைத்தார் என்பதை அன்று அறியேன்.) தந்தை பொருளிழந்தமையால் புக்ககத்தார் கைவிட்ட ருக்மிணியின் துயரை, நகர முடியாத அம்மரம் பார்த்துக்கொண்டே நிற்கின்றது; அவள் குளத்தில் மாய்வதையும் தடுக்க இயலவில்லை. அந்த இயலாமையை உரைக்க மரத்தினும் தக்க வாய் வேறேது?

பின்னர் பெல்லாரிச் சிறையிலிருந்து கம்பனை ஆராய்ந்து ஆங்கிலத்தில் நூல் செய்தார். அது பற்றித் தனியே எழுதவேண்டும்.

ஒன்றை மறைத்தல் தகாது. 1922இல் அவர் நிறுவிய குருகுலம் சேரன்மாதேவியில் நடந்தது. பெற்றோர் வேண்டுகோளுக்கு இணங்கிப் பிராமணச் சிறுவர் இருவர் அங்கே தனித்து உண்ண இடங்கொடுத்தார். பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் எதிர்த்தமை நியாயமே. மரத்துக்குச் செவிசாய்த்தவர், பந்தியிலே பிரித்து அமர்த்தப்பட்ட பிள்ளைகளின் நோவுக்கு ஏன் செவிசாய்க்கவில்லை? அவரைப் போற்றும் எனக்கு இன்றளவும் ஆறாத வினா இது. 1930ஐ ஒட்டிச் சம ஆசனத்துக்காக நம் யாழ்ப்பாணத்துப் பள்ளிகளிலும் பூசல் எழுந்ததை எண்ணினால், ஐயரை மட்டும் குற்றஞ்சாட்டி நாம் விலகிவிட முடியாது.

1925இல் குருகுலப் பொறுப்பைத் துறந்தார். அவ்வாண்டு ஜூன் 3ஆம் நாள், பாபநாசத்து அருவியில் மகள் சுபத்திரை தவறி வீழ்ந்தாள். ஐயர் மரம்போல் நின்று பார்த்திருக்கவில்லை, உடனே பாய்ந்தார். இருவரும் மீளவில்லை.