வீரமாமுனிவரும் பரமார்த்த குருவும்



கதைப் புத்தகத்தைத் தொட்டால் பிள்ளையின் படிப்புக் கெடும் என்று அஞ்சுகிற பெற்றோர் நம்மிடையே உண்டு. அவர்களுக்காக, கதை எழுதிய ஒரு குருவானவரின் சரித்திரத்தை இவ்வாரம் சொல்கிறேன்.

இத்தாலி தேசத்தில் 1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ந் தேதி பிறந்தவர் பெஸ்கி சுவாமி. சேசு சபையில் சேர்ந்து குருப்பட்டம் பெற்று, 1710-ல் கப்பலேறி வந்து கோவாவில் இறங்கினார். பிறகு மதுரை மிஷனில் வேதம் போதித்தார். காவி உடுத்தி, மரக்கறி உண்டு, தமிழ்ப் புலவரோடு புலவராக வாழ்ந்த அவரையே வீரமாமுனிவர் என்கிறோம். 3,615 பாட்டுள்ள தேம்பாவணியையும் 1732-ல் முடித்த சதுரகராதியையும் பிள்ளைகள் பள்ளியிலேயே கேள்விப்பட்டிருப்பார்கள்.

அத்தனை பெரிய பண்டிதர், பரமார்த்த குருவின் கதையையும் எழுதினார்! தமிழ் கற்க வரும் அந்நிய குருமார் பேச்சுத் தமிழ் பழகவேண்டும் என்பதே அவர் நோக்கம். பக்கத்தில் லத்தீன் மொழிபெயர்ப்பும் வைத்தார். 1747-ல் அவர் காலஞ்சென்று 75 ஆண்டுகளுக்குப் பின், 1822-ல் அது லண்டனில் அச்சேறியது. வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழுமாக வளரும் நம் திருத்தணிப் பிள்ளைகளுக்கும் அந்த எளிய நடை ஏற்றதுதான்.

மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என ஐந்து சீடர்கள். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்குகிறார்கள். ஆறு தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையை வைத்துப் பார்க்கிறார்கள். ஆற்றைக் கடந்தபின், எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ண, ஐந்துபேர்தான்! ஒருவரை ஆறு விழுங்கிற்று என்று எல்லோரும் ஓலமிடுகிறார்கள். இதில் பிரசங்கம் எங்கே? தப்பு எங்கே என்று சிறுபிள்ளை தானே கண்டுபிடித்துச் சிரிக்கிறது. பிரசங்கம் செய்தே பழகிய எனக்கு இது கொஞ்சம் பொறாமைதான்.

இக்கதை அக்காலத்து மடத்துக் குருமாரைப் பரிகசிக்கிறது என்று சொல்வோரும் உண்டு. மலைக்கோயில் அடிவாரத்தில், ஆடிக் கிருத்திகைக் காவடிகள் நம் வாசல்வழியே போகும் ஊரில் குடியிருக்கிறோம். அடுத்த வீட்டார் குருவை ஏளனம் செய்ய நம் பிள்ளைகள் இதைப் படிக்கவேண்டாம். எழுதியவரும் ஒரு குருதான். தன்னைச் சேர்க்காமல் பிறரை மட்டும் எண்ணுகிறவனை அல்லவா அவர் காட்டுகிறார்?

இன்றிரவு ஜெபம் முடிந்தபின் பிள்ளையை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். அது விரல்விட்டு எண்ணும்போது, தயவுசெய்து நீங்கள் முந்திக்கொண்டு விடையைச் சொல்லிவிடாதீர்கள்.