பட்டம் பிடித்த சிக்னல்!



வெளியூரில் இருக்கும் மாமா மொபைல் போனில் பேசுவார். பாதிப் பேச்சு காதில் விழும், மீதி விழாது. உடனே அப்பா ஜன்னல் ஓரம் போவார். அங்கும் சரிவராவிட்டால் மொட்டை மாடிக்கு ஏறுவார். உங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கும். சிக்னல் தேய்ந்தால் உயரத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும் என்பதை, 1895ம் ஆண்டிலேயே ஓர் இளைஞர் செய்து காட்டினார். அப்போது அவருக்கு வயது 21. அவர்தான் குலியெல்மோ மார்க்கோனி!

இத்தாலி நாட்டின் பொலோனா நகரில், 1874 ஏப்ரல் 25ல் பிறந்தார் மார்க்கோனி. அப்பா நிலக்கிழார்; அம்மா அயர்லாந்து நாட்டுக்காரர். மார்க்கோனி கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கவில்லை. ஆனால், மின்சாரம் என்றால் சோறு தண்ணீர் மறந்துவிடுவார். ஜெர்மனி விஞ்ஞானி ஹெர்ட்ஸ் கண்டறிந்த மின்காந்த அலைகளைப் பற்றிப் படித்ததும், கம்பியே இல்லாமல் செய்தி அனுப்ப முடியுமா என்ற ஆசை அவருக்கு வந்தது.

வீட்டுப் பரணில் சோதனை தொடங்கியது. ஒரு மூலையில் பொத்தானை அழுத்தினால், மறு மூலையில் மணி அடித்தது. நடுவில் கம்பி கிடையாது! அடுத்து, கருவிகளைத் தோட்டத்துக்குக் கொண்டு போனார். தூரம் கூடக் கூட, சிக்னல் தேய்ந்து போனது.

மார்க்கோனி சோர்ந்து உட்காரவில்லை. கருவியிலிருந்து ஒரு கம்பியை உயரத் தூக்கிக் கட்டினார். இன்னொரு கம்பியை மண்ணில் புதைத்தார். என்ன ஆச்சரியம்! சிக்னல் வெகுதூரம் பாய்ந்தது. கடைசியாக, அண்ணன் அல்போன்ஸோ கருவியுடன் ஒரு குன்றுக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். அங்கே நிற்பவரை இங்கிருந்து பார்க்க முடியாது. அதனால், சிக்னல் கிடைத்ததும் துப்பாக்கியால் வானத்தை நோக்கிச் சுட வேண்டும் என்பது ஏற்பாடு. மார்க்கோனி பொத்தானை அழுத்தினார். குன்றுக்கு அப்பால் வெடிச்சத்தம் கேட்டது!

1896ல், அம்மாவுடன் இங்கிலாந்து சென்றார். அங்கே தபால் துறையின் தலைமைப் பொறியாளர் வில்லியம் பிரீஸ் அவருக்கு உதவினார். 1897 மே மாதம், கடலைத் தாண்டி 5 கி.மீ.க்கு மேல் தொலைவில் உள்ள ஒரு தீவுடன் தொடர்பு கொள்ளும் சோதனை நடந்தது. முதலில் தோல்வி. கருவியைப் பாறை உச்சியிலிருந்து கீழே கடற்கரைக்குத் தூக்கிச் சென்று, மேலே உள்ள கம்பத்துடன் இன்னும் நீளமான கம்பியால் இணைத்தனர். உடனே சிக்னல் தெளிவாகக் கிடைத்தது. கருவி அதேதான், கம்பி மட்டும்தான் நீண்டது!

அதன்பின், அட்லாண்டிக் பெருங்கடலையே தாண்ட நினைத்தார். இங்கிலாந்தின் போல்டு என்ற இடத்தில் பெரிய கம்பங்களை நட்டார். 1901 செப்டம்பரில் வீசிய புயல், அவற்றைச் சாய்த்துவிட்டது. அமெரிக்காவில் நட்ட கம்பங்களுக்கும் அதே கதிதான். வேறொருவர் என்றால் கைவிட்டிருப்பார். மார்க்கோனியோ போல்டுவில் சிறிய கம்பங்களை நடச் செய்தார். பிறகு இரண்டு உதவியாளர்களுடன் கடலுக்கு அந்தப் பக்கம், நியூபவுண்டுலாந்து தீவுக்குக் கப்பல் ஏறினார்.

அங்கே கம்பம் நட நேரமில்லை. கம்பியைப் பலூனில் கட்டிப் பறக்கவிட்டார். காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போனது. பட்டத்தில் கட்டினார், அதுவும் போனது. இன்னொரு பட்டம் ஏற்றினார். டிசம்பர் 12ம் தேதி நண்பகலில், காதில் வைத்த கருவியில் மூன்று மெல்லிய ஒலிகள் கேட்டன. அது மோர்ஸ் முறையில் 'எஸ்' என்ற எழுத்து. சுமார் 3,500 கி.மீ. தாண்டி வந்திருந்தது! கல்லூரிப் பட்டம் இல்லாதவருக்கு, காகிதப் பட்டம் போலப் பறக்கும் ஒன்று கைகொடுத்தது.

அந்த மெல்லிய ஒலி உண்மையிலேயே சிக்னல்தானா என்று சிலர் சந்தேகப்பட்டனர். மார்க்கோனி சண்டை போடவில்லை. 1902ல் கப்பலில் பயணம் செய்து, வந்த சிக்னல்களைக் காகித நாடாவில் பதிவு செய்து காட்டினார். பகலைவிட இரவில் சிக்னல் அதிக தூரம் வருவதையும் அப்போதுதான் கவனித்தார்.

இந்தத் துறையில் உழைத்தவர் அவர் மட்டும் அல்ல. ஏறத்தாழ அதே காலத்தில், கொல்கத்தாவில் நம் ஜெகதீஷ் சந்திர போஸ், சுவரை ஊடுருவிச் செல்லும் அலைகளைச் செய்து காட்டினார் என்பதையும் மறக்காதீர்கள்.

1909ல் மார்க்கோனியும், ஜெர்மனியின் பிரவுனும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். 1912ல் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது, அதன் கம்பியில்லாத் தந்தி அழைப்பைக் கேட்டு, கார்பாத்தியா கப்பல் விரைந்து வந்தது. 700க்கும் மேற்பட்டோர் உயிர் பிழைத்தனர். 1937 ஜூலை 20ல் மார்க்கோனி இறந்தார். அவருக்கு அஞ்சலியாக, உலகின் பல வானொலி நிலையங்கள் 2 நிமிடம் மவுனம் காத்தன.

இனி, உங்கள் மொபைல் போனுக்கு வருவோம். மார்க்கோனியின் நீண்ட அலைகளுக்கு நீண்ட கம்பி தேவைப்பட்டது. மொபைல் அலைகள் மிகச் சிறியவை. அதனால் ஆன்டெனாவும் போனுக்குள் அடங்கிவிட்டது. ஆனால், இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட் சுவர், தகரக் கூரை, பீரோ ஆகியவை இந்த அலைகளைத் தடுக்கும். எனவே சிக்னல் குறைந்தால், ஜன்னல் பக்கம் போங்கள். மாடி அறைக்குப் போங்கள். இரண்டு அடி தள்ளி நின்று பாருங்கள். பேச முடியாவிட்டால் குறுஞ்செய்தி அனுப்புங்கள். மெல்லிய சிக்னலிலும் அது போய்ச் சேர வாய்ப்பு உண்டு. பயணத்தில் சிக்னல் கிடைக்காத இடங்களில், போன் டவரைத் தேடித் தேடியே பேட்டரி தீர்ந்துவிடும். அப்போது 'பிளைட் மோடு' போட்டு வையுங்கள். ஊர் நெருங்கியதும் எடுத்துவிட்டால், போன் புதிதாக டவரைத் தேடும்.

ஆபத்து நேரத்தில், உங்கள் சிம் கார்டு நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும், வேறு நிறுவனத்தின் சிக்னல் அங்கே இருந்தால் 112 என்ற அவசர எண்ணை அழைக்கலாம். விளையாட்டுக்கு அழைக்கவே கூடாது.

ஒன்று மட்டும் கவனம். சிக்னலுக்காகக் கைப்பிடிச் சுவர் மேல் ஏறாதீர்கள். ரயில் படிக்கட்டில் நிற்காதீர்கள். இடி, மின்னல் நேரத்தில் மொட்டை மாடிக்குப் போகாதீர்கள். எந்த அழைப்பும் உங்கள் உயிரைவிடப் பெரியது அல்ல.

அடுத்த முறை சிக்னல் போனால், எரிச்சலில் போனைத் தட்டாதீர்கள். அறுந்த பட்டத்துக்காக அழாமல், அடுத்த பட்டத்தை ஏற்றிய மார்க்கோனியை நினைத்துக்கொள்ளுங்கள். சரிதானே செல்வங்களே!