தமிழ் வழி மருத்துவம் தந்த கிரீன்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்டரில் 1822ஆம் ஆண்டு பிறந்தவர் சாமுவேல் பிஸ்க் கிரீன். மருத்துவம் பயின்ற அவர், அமெரிக்க மிஷனின் மருத்துவராக 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டே மானிப்பாயில் நோய் தீர்க்கும் பணியோடு மருத்துவக் கல்வியையும் தொடங்கினார். மருத்துவர் ஒருவர் எத்துணை உழைப்பினும் ஊர்தோறும் சென்று அறுவை செய்தல் இயலாது; மண்ணின் மைந்தர் அக்கலையைக் கற்றாலன்றி மக்கள் துயர் தீராது.

தொடக்கத்தில் பாடங்கள் ஆங்கிலத்தில் நடைபெற்றன. ஆங்கிலம் கற்றோர் அரசுப் பணியையும் மிகுந்த ஊதியத்தையும் நாடிச் சென்றனர். சிற்றூர்களோ மருத்துவரின்றித் தவித்தன. தாயகம் சென்று 1862இல் மீண்டும் வந்த கிரீன், 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் துணிந்தார்.

அதற்கு வேண்டிய நூல்கள் தமிழில் இல்லை. ஆகவே, தமிழை நன்கு கற்று, மாணவர் துணையுடன் அவற்றை மொழிபெயர்த்தார். கலைச்சொற்களை முதலில் தமிழில் தேடினார். கிட்டாதபோது வடமொழியை நாடினார். அங்கும் இல்லையெனில் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் தந்தார். அறுவை மருத்துவத்தை விளக்கும் ‘இரண வைத்தியம்’ 1867இலும், உடற்கூற்றை விளக்கும் ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இலும் வெளிவந்தன.

அவரிடம் பயின்று மருத்துவரானோர் அறுபதின்மருக்கும் மேற்பட்டோர். அவருள் பாதிக்கு மேற்பட்டோர் தமிழில் கற்றவர்கள். 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும் கிரீன் மொழிபெயர்ப்புப் பணியைக் கைவிடவில்லை. ‘மனுஷ சுகரணம்’ 1883இல் வெளிவந்தது. மறு ஆண்டு அவர் மறைந்தார். அவர் சென்ற பின்னும் அவருடைய மாணவர்கள் தம் மக்களிடையே மருத்துவம் செய்தனர். தாய்மொழியில் அறிவியல் கற்பிக்க இயலும் என்பதற்கு அவர்தம் பணியே சான்றாயிற்று.