பறவை உலகின் போப்பாண்டவர்

காங்கிரஸ் மகாசபையைத் தொடங்க முன்னின்றவர் ஏ. ஓ. ஹியூம் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்த வெள்ளைக்காரருக்கு இரண்டு பட்டப்பெயர்கள் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. இரண்டும் பறவைகளால் வந்தவை!

இந்தியப் பறவை ஆராய்ச்சியின் தந்தை என்பது ஒன்று. அவரிடம் மனத்தாங்கல் கொண்டவர்கள் வைத்த பெயர், போப்பாண்டவர்! போப் என்ற சொல்லுக்கும் மூலப்பொருள் அப்பா என்பதுதான். ஆக, புகழ்ந்தவர்களும் பழித்தவர்களும் ஒன்றையே சொல்லியிருக்கிறார்கள்.

ஹியூம் 1829-ல் பிறந்தார். 1849-ல் இந்தியாவுக்கு உத்தியோகம் பார்க்க வந்தார். எட்டாவா ஜில்லாவில் அதிகாரியாக இருந்தபோது பறவைகளைச் சேர்க்கத் தொடங்கினார். அந்தக் காலத்தில் பறவையைச் சுட்டு, தோலை உரித்துப் பாடம் செய்து வைத்துத்தான் ஆராய்வார்கள். அப்படிச் சேர்த்ததெல்லாம் 1857 கலகத்தில் அழிந்தது. அவர் சோர்ந்துவிடவில்லை. முதலிலிருந்து ஆரம்பித்தார்.

சிம்லாவில் இருந்த அவருடைய மாளிகை பறவைக் களஞ்சியமாயிற்று. நாடெங்கும் இருந்த அதிகாரிகள் அவருக்குப் பறவைகளையும் குறிப்புகளையும் அனுப்பினார்கள். 1872-ல் 'ஸ்டிரே பெதர்ஸ்' என்று ஒரு பத்திரிகை தொடங்கினார். சிதறிய இறகுகள் என்று பொருள். வந்தது எந்தப் பறவை, புது இனமா, பழையதா என்று அதில் ஹியூம் தீர்ப்புச் சொல்வார். பலருக்கு அது வேதவாக்கு. சிலருக்கோ எரிச்சல். பட்டப்பெயர் பிறக்கக் கேட்க வேண்டுமா?

1881-ல் மணிப்பூர் சென்றார். அங்கே கிடைத்த அழகிய காட்டுக்கோழி இனம் ஒன்றுக்குத் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். 'மிஸஸ் ஹியூம்' என்றே இன்றும் அதைச் சொல்கிறார்கள். மணிப்பூர் மக்களோ அதற்கு 'நொங்கின்' என்று தங்கள் பெயரை எப்போதோ வைத்துவிட்டார்கள்!

இந்தியப் பறவைகள் அனைத்தையும் பற்றி ஒரு பெரிய நூல் எழுத வேண்டும் என்பது ஹியூமின் கனவு. அதற்காக இருபத்தைந்து ஆண்டுகள் குறிப்பெழுதிக் குவித்திருந்தார். ஒரு குளிர்காலத்தில் சிம்லாவை விட்டுச் சமவெளிக்கு இறங்கினார். திரும்பி வந்து பார்த்தால் காகிதங்களைக் காணோம்! வேலைக்காரன் ஒருவன் திருடி, கடைத்தெருவில் பழைய காகித விலைக்கு விற்றுவிட்டான். என்ன பொட்டலம் மடித்தார்களோ!

கலகத்தில் எல்லாம் போனபோது கலங்காத மனிதர் இப்போது ஒடிந்துபோனார். பறவைகளை எல்லாம் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார். 1885-ல் லண்டனிலிருந்து ஷார்ப் என்ற நிபுணர் வந்து கட்டி எடுத்துச் சென்றார். சுமார் 82,000 பறவைகள், 47 பெட்டிகள்!

அதே ஆண்டு டிசம்பர் 28-ந் தேதி பம்பாயில் 72 பிரதிநிதிகளோடு காங்கிரஸ் மகாசபை கூடியது. ஹியூம் அதன் பொதுச் செயலாளரானார்.

1894-ல் இங்கிலாந்து திரும்பியவர் செடிகொடிகளில் மனத்தைச் செலுத்தினார். 1910-ல் தென் லண்டனில் ஒரு தாவர இயல் நிலையத்தையும் நிறுவினார். 1912 ஜூலை 31-ல் காலமானார்.